நோவா நோக்க 130 மி.மீ. மேசைத் தொலைநோக்கி: பெங்களூர் மொட்டைமாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட, மேசைமேல் வைத்து இயக்கும் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி (மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் திருப்பும் எளிய தாங்கி கொண்டது) பல நிறுவனப் பெயர்களில் விற்பனையாகிறது. நிலவுக்கும் சனிக்கும் அது எவ்வளவு ஏற்றது என்று பலர் எழுதிவிட்டார்கள். ஒரு நோவாவை அது பொலிவுற்ற நாள்முதல் மங்கி ஓயும்வரை தொடர்ந்து நோக்க விரும்புகிறவருக்கு, அதுவும் அல்சூர் போன்ற ஒளி மிகுந்த பகுதியில் வசிப்பவருக்கு, இக்கருவி எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) ஒன்று தன் துணை விண்மீனிடமிருந்து ஈர்த்துச் சேர்த்த ஹைட்ரஜன் அடுக்கு, அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறும்போது அணுக்கரு இணைவால் வெடிப்பதே நோவா. 2025 ஜூன் 12 அன்று லூபஸ் தொகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட வி462 லூபை, சில நாள்களில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லைவரை பொலிவுற்றது. லண்டனில் அடிவானத்துக்கு மேலே எழாத அந்த இடம், பெங்களூரில் தெற்கே சுமார் 37 பாகை உயரம்வரை வரும். பருவமழை மேகங்கள் விலகிய இரவுகளில் இந்தத் தொலைநோக்கியால் நான் முதன்மையாக நோக்கியது அதைத்தான்.

நோவா உச்சத்தில் இருக்கும் நாள்களில் இக்கருவி சிறந்த தேர்வு அன்று. பொலிவை மதிப்பிட, நோவாவைவிடச் சற்றுப் பிரகாசமான விண்மீன் ஒன்றும் சற்று மங்கலானது ஒன்றும் அருகில் வேண்டும். உடன் வரும் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 26 மடங்கு உருப்பெருக்கமும் ஏறத்தாழ 2 பாகை காட்சிப் பரப்பும் தருகிறது. அந்தப் பரப்புக்குள் ஐந்தாம், ஆறாம் பொலிவெண் (பிரகாசத்தின் அளவு; எண் கூடக் கூட விண்மீன் மங்கல்) கொண்ட ஒப்பீட்டு விண்மீன்கள் இரண்டு அகப்படுவது அரிது. அந்த நாள்களுக்கு 10×50 பைனாகுலரே போதும். ஆனால் செய்திகள் ஓய்ந்து, நோவா எட்டு, ஒன்பது, பத்து என்று மங்கிச் செல்லும் வாரங்களில் பைனாகுலர் நகர வானத்தில் கைவிட்டுவிடும்; அப்போதுதான் இந்தத் தொலைநோக்கியின் தகுதி விளங்குகிறது. விரிந்த கண்மணியைவிடச் சுமார் 340 மடங்கு ஒளியை அதன் ஆடி திரட்டுவதால், அதே 2 பாகைக்குள் ஒப்பிடத் தகுந்த விண்மீன்கள் போதுமான அளவு கிடைக்கின்றன.

அவ்வேளையில் 10 மி.மீ. ஐபீஸுக்கு மாறுவது நல்லது. 65 மடங்கில் வானத்தின் சாம்பல் நிறப் பின்னணி பரவி இருண்டுபோகிறது. விண்மீனோ புள்ளியாகவே இருப்பதால் அதன் ஒளி சிதறுவதில்லை. எம்.ஜி. சாலைப் பக்கத்து ஒளி வெள்ளத்தில் 25 மி.மீ. ஐபீஸில் இருக்கிறதா இல்லையா என்று ஐயமாயிருந்த மங்கலான விண்மீன்கள், 10 மி.மீ. ஐபீஸில் தெளிவாக நின்றதைப் பலமுறை பார்த்தேன்.

கருவியின் பலவீனமான உறுப்பு, பிம்பத்தைத் தெளிவாக்கத் திருகும் குவியமாக்கிதான். திருகுமரை போன்ற இழைகளில் சுழலும் அமைப்பு அது; என்னிடமுள்ளதில் இழைகள் தளர்வாக இருந்ததால், சுழற்றும்போதெல்லாம் பிம்பம் பக்கவாட்டில் துள்ளியது. நோவா நோக்குகிறவருக்கு இது சிறிய குறை அன்று. ஹைட்ரஜனின் செந்நிற ஒளி மிகும் கட்டத்தில் நோவாவை உற்றுப் பார்த்துக்கொண்டேயிருந்தால் சிவப்பு ஒளி கண்ணில் மெல்ல மெல்லக் கூடி, மதிப்பீடு உயர்ந்துவிடும். ஆகவே குவியத்தைச் சற்றே கலைத்து, விண்மீன்களைச் சிறு வட்டுகளாக்கி, மாறி மாறி விரைந்து பார்ப்பதே முறை. பிளம்பிங் கடையில் கிடைக்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இழைகளில் இரண்டு சுற்றுச் சுற்றியபின் ஆட்டம் நின்றது. பிறகு குவியத்தைக் கலைப்பதும் மீட்பதும் எளிதாயிற்று.

குழாயின் மேற்பகுதி திறந்திருப்பதால் பக்கத்து வீட்டுப் பால்கனி விளக்கு நேரே உள்ளே விழும். கறுப்பு சார்ட் பேப்பரை வளைத்து உறையாக இட்டால் தீரும். உடன் வரும் சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பான், மூன்றாம் பொலிவெண் விண்மீனே மங்கித் தெரியும் நகரத்தில் பாதி வேலையைத்தான் செய்கிறது. லூபஸ் தொகுதியின் பிரகாசமான விண்மீன்களில் ஒன்றான டெல்டா லூபையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து 26 மடங்கில் மேற்கே சுமார் இரண்டரை பாகை விண்மீன் விண்மீனாக நகர்ந்துதான் நோவாவை அடைய வேண்டியிருந்தது. அந்த நகர்வுக்கு டாப்சோனியன் தாங்கி மிக இசைவானது. விரலால் தொட்டால் நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்கிறது.

கருவி சிறியதென்று தயங்க வேண்டியதில்லை. ஜெசோர் அரசுக் கருவூலத்தில் பணிபுரிந்த ராதா கோவிந்த சந்திரா, 1918-இல் அக்விலா தொகுதியில் தோன்றிய நோவாவை நோக்கியவர். அவருடைய மாறும் விண்மீன் பதிவுகளை மதித்து அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம் அவருக்கு அனுப்பிவைத்த தொலைநோக்கியின் விட்டமே 6 அங்குலத்தைச் சற்றுத்தான் தாண்டும். அதே சங்கம் இன்றும் ஒப்பீட்டு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. அவற்றில் 86 என்று அச்சிட்டிருந்தால் பொலிவெண் 8.6 என்று கொள்ள வேண்டும். தசமப் புள்ளியையும் விண்மீனாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அதை விட்டுவிடுகிறார்கள்.

1866-லும் 1946-லும் வெடித்த, மீண்டும் மீண்டும் வெடிக்கும் நோவாவான டி கொரோனே போரியாலிஸுக்காக இதை வாங்க எண்ணுகிறவர்கள் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். பத்தாம் பொலிவெண்ணில் அமைதியாக இருக்கும் அந்த விண்மீனை நிலவற்ற நல்ல இரவில் இக்கருவி நகரத்திலிருந்தே காட்டிவிடும். ஆகவே வெடிப்புக்கு முன்பே இடத்தைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் பெங்களூரில் அது ஏறத்தாழ தலைக்கு மேலே கடப்பதால், உச்சியில் டாப்சோனியனைத் திருப்புவது கடினம். வானில் அது பாதி உயரத்தில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கருவியை வைப்பதற்குப் பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், சற்று உயரமான கனத்த மர முக்காலி வாங்குங்கள். மீதமுள்ள பணத்தில் பெரிய ஆடியைத் தேடாமல் பைனாகுலர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.