சிப் போட்ட அமெரிக்க ஐபோன் 13: விலைக்குத் தகுமா?

சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய ஐபோன் விசாரித்தால், "ஃபேக்டரி அன்லாக் வேணுமா, சிப் போட்டது போதுமா?" என்று கடைக்காரர் கேட்பதுண்டு. முன்னது எந்த நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யும் போன்; பின்னது ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு லாக், அதாவது பூட்டு, போடப்பட்டு, சிம்மோடு ஒட்டும் ஒரு சில்லால் அந்தப் பூட்டை ஏமாற்றும் போன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சிப் போட்டது சில ஆயிரம் ரூபாய் மலிவு. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் லாக்கோடு வந்த ஐபோன் 13-ஐச் சிப்புடன் இங்கே பயன்படுத்திப் பார்த்ததில், அந்தச் சில ஆயிரம் உண்மையில் மிச்சமாகிறதா என்பது குறித்து எனக்கு ஏற்பட்ட கருத்தே இந்த மதிப்புரை.

போனைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. 2021-இல் வெளிவந்த மாடல் என்றாலும் ஏ15 சில்லின் வேகம் அன்றாட வேலைகளுக்குத் தாராளமாகப் போதும், 6.1 அங்குலத் திரை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை காட்சி மாறும் வேகம்) மட்டுமே என்பது, 120 ஹெர்ட்ஸ் ஆண்ட்ராய்டு போனிலிருந்து வருகிறவர்களுக்கு உறுத்தும். தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் போனிலேயே இருப்பதால் தமிழில் எழுதத் தனிச் செயலி எதையும் தேட வேண்டியதில்லை.

சிக்கல் முழுவதும் சிம்மில்தான் இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் பலவும் போனைத் தவணையில் கொடுத்து, தவணை முடியும் வரை தங்கள் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டி வைக்கின்றன. ஐபோனில் இந்தப் பூட்டு, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு சேர்த்து, போனை இயக்க ஒப்புதல் தரும் ஆப்பிளின் ஆக்டிவேஷன் சர்வரில் பதிவாகியிருக்கிறது. போனை முதன்முறை இயக்கும்போது உள்ளே இருக்கும் சிம் அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தினுடையதா என்று அது சரிபார்க்கிறது. சிப் என்பது சிம்மின் மேல் ஒட்டும், தாள் கனமே உள்ள ஒரு சில்லு. நம்முடைய சிம்முக்கும் போனுக்கும் நடுவில் அமர்ந்துகொண்டு, சரிபார்க்கும் வேளையில் அமெரிக்கச் சிம்மின் அடையாளத்தைக் காட்டிவிட்டு, பிறகு நம்முடைய சிம்மைப் பேசவிடுகிறது. செப்படி வித்தை என்றே சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பலிக்கும் வித்தை அன்று.

சிம்மோடு சிப்பையும் வைத்த தட்டு உள்ளே போகும்போதே இறுக்கமாக இருக்கிறது. நகத்தால் அழுத்தித் தள்ளினால்தான் விளிம்பு சமமாகிறது. அழைப்பும் டேட்டாவும் பெரும்பாலும் ஒழுங்காகவே கிடைத்தன. ஆனால் ஏரோபிளேன் மோடை அணைத்தபின் சிக்னல் திரும்பச் சில சமயம் நெடுநேரமாயிற்று, சில சமயம் போனை அணைத்துப் போட வேண்டியிருந்தது. யுபிஐ செயலிகள் வங்கியில் பதிவான எண்ணிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் போனைப் பதிவு செய்கின்றன என்பதால், அந்த நேரத்தில் சிக்னல் போனால் பதிவும் போயிற்று. போனை முழுவதுமாக அழித்து மீட்டமைத்தால் மறுபடியும் ஆக்டிவேஷன் வாசலில் போய் நிற்க வேண்டும். சிப் காட்டும் அடையாளத்தை ஆப்பிள் அடைத்துவிட்டால், புதிய அடையாள எண்ணைத் தேடிப்பிடித்துச் சிப்பில் மாற்றும் வரை அந்தப் போன் வைஃபையில் மட்டும் ஓடும் கருவியாகிவிடும். ஒவ்வொரு ஐஓஎஸ் புதுப்பிப்பும் வரும்போது தொடலாமா வேண்டாமா என்ற தயக்கம் இதனால்தான். பாதுகாப்புக்காக வரும் புதுப்பிப்பைப் பயந்து ஒத்திப்போட வைக்கும் ஏற்பாட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதிகாரபூர்வமான அன்லாக் இப்படியானதன்று. வாடிக்கையாளர் தம் போனை அன்லாக் செய்துகொள்வதை அமெரிக்காவில் 2014-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் மீண்டும் அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கிருந்த விலக்கு நீங்கிப் பெரும் எதிர்ப்பு எழுந்திருந்தது. ஏ.டி. அண்டு டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில், தவணை முழுவதும் கட்டப்பட்டு, 60 நாள் பயன்பாட்டில் இருந்து, திருட்டுப் புகார் எதுவும் இல்லாத போனுக்கு இணையத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் வந்தபின் ஐபோனில் ரகசிய எண் எதையும் தட்ட வேண்டியதில்லை; சர்வரில் பதிவு மாறிவிடுகிறது, வேறு சிம்மைப் போட்டு வைஃபையில் இணைத்தால் முடிந்தது. ஆகவே அமெரிக்காவிலிருக்கும் அண்ணனோ அத்தை மகனோ பழைய போனைக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னால், பாக்கித் தவணையைக் கட்டி அன்லாக்கையும் முடித்துவிட்டு அனுப்பச் சொல்வதே சரி. கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் நிறுவனங்கள் பூட்டிய போனை விற்கவே கூடாது என்பதால், அதன்பின் அங்கே புதிதாக வாங்கியவற்றில் இந்தத் தொல்லை இராது.

கடையில் வாங்குகிறவர்கள், காசு கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் பக்கத்தைத் திறந்து, கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; தட்டை வெளியே எடுத்துச் சிம்மின் மேல் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் சிம் தட்டே இல்லை. லாக் உள்ள அத்தகைய போனில் சிப்பைச் செருக இடமும் கிடையாது, அட்டையின்றிப் போனிலேயே பதிவாகும் நம் ஊர் நிறுவனத்தின் இ-சிம்மும் ஏறாது. அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.