சிங்கப்பூரா, கத்தாரா? கட்டுமான வேலைக்குச் செல்வோருக்கான ஒப்பீடு

செலவு
சிங்கப்பூர்: புறப்படும் முன்பே திறன் தேர்வில் தேற வேண்டும், பயிற்சிக் கட்டணமும் ஏஜென்ட் கமிஷனும் லட்சங்களைத் தொடுவதால், வட்டிக்கு வாங்கிச் செல்பவரின் தொடக்ககாலச் சம்பளம் பெரும்பாலும் கடனுக்கே போகிறது.
கத்தார்: பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு வேலைக்காக வெளிநாடு செல்ல இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயம். பதிவுபெற்ற ஏஜென்ட் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. அது எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பதை ஊரில் விசாரித்தாலே தெரியும்.

சம்பளம்
சிங்கப்பூர்: வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை, ஓவர்டைமே கைகொடுக்கும்.
கத்தார்: 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி சாப்பாடு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 ரியால் கூடுதலாகத் தர வேண்டும்.

உடல்நலம்
சிங்கப்பூர்: வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். ஆனால், லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது இன்றும் அனுமதிக்கப்படுகிறது.
கத்தார்: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை.

சமூகம்
சிங்கப்பூர்: தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, மருத்துவமனையில் வலியைத் தமிழில் சொல்லவும் வாய்ப்புண்டு. எனினும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறையில் கூடும் லிட்டில் இந்தியா பகுதியில் 2013இல் நடந்த கலவரத்துக்குப் பின் அங்கு மதுக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் இறுகின.
கத்தார்: மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் வெளிநாட்டவரே, ஆயினும் குடியுரிமை எட்டாக்கனி.

கையில் தொழிலும் தாங்கக்கூடிய கடனும் உள்ளவருக்குச் சிங்கப்பூர் பொருந்தும். கடன் வாங்க வழியில்லாதவர், ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, கத்தாரைத் தேர்வதே மேல்.