பிக்மி நம்பரும் பச்சைப் புத்தகமும்

கொடிவேரியில் குளித்தது, பாரியூரில் பொங்கல் வைத்ததெல்லாம் போட்டோவில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரே ஒரு ஊசியின் கதை.

சின்னவனுக்குப் பதினாறாவது வாரத் தடுப்பூசி, நாங்கள் கோபிப் பக்கம் இருக்கும்போது வந்துவிட்டது. புதன்கிழமை ஊசி நாள், அது மட்டும் மாறவேயில்லை. அதே வேப்பமரம், அதே பெஞ்சு. மொபைலிலிருந்து தலை நிமிராமல் நர்சம்மா கேட்டார்: "பிக்மி நம்பர் சொல்லுங்க்கா."

மாசமானதும் பதிந்தால் வரும் நம்பர். நான் பெற்றது இங்கிலாந்தில், லெஸ்டர் ஊரில், எனக்கு ஏது பிக்மி? புதிதாக ஏற்றலாமென்றால் ஓடிபி. என் இங்கிலாந்து சிம் செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. தம்பி நம்பரைக் கொடுத்தேன். திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான், பதினொரு தடவை அடித்தும் எடுக்கவில்லை. "அடுத்த புதன் வாங்க்கா." அடுத்த புதன் சர்வர் இல்லை.

வயிறு எரிந்தது. லெஸ்டரில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி 1941இல் பிறந்தவர். அவருடைய அம்மாவின் பச்சை ரேஷன் புத்தகம் இன்னும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. உலகப் போர்க் காலத்தில் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் பச்சை. நாளுக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, பால் விலை குறைத்து, இல்லாதவர்களுக்குச் சும்மாவே. 1942 முதல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஆரஞ்சுச் சாறு, கூடவே மீன் எண்ணெய். எண்ணெய்க் கரண்டியைக் கண்டால் பாட்டி கட்டிலுக்கடியில் ஒளிவாராம். கப்பல்களை ஜெர்மன்காரன் மூழ்கடித்துக்கொண்டிருந்தபோதே பிள்ளைக்குச் சாறு போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கே குண்டா விழுகிறது, சர்வர்தானே?

அன்று சாயங்காலம் தம்பி பொண்டாட்டி, அவளுக்கு அஞ்சு மாசம், கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பெட்டகத்தைப் பிரித்துக் காட்டினாள். பேரீச்சம்பழம், நெய், டானிக், சத்துமாவு. பேச்சே வரவில்லை எனக்கு. லெஸ்டரில் அந்தப் பச்சைப் புத்தகத்தின் பேத்தியாக, வருமானம் குறைந்த கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களும் பால், பழம் வாங்க ஹெல்தி ஸ்டார்ட் அட்டை இருக்கிறது. எங்கள் சம்பளத்துக்குக் கிடையாது. நான் மாசமாக இருந்தபோது ஒரு ஸ்பூன் நெய் கொடுத்தவர் யார்?

மூன்றாவது புதன், மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு லெஸ்டரில் பையனுக்குப் போட்ட ஊசியெல்லாம் எழுதிய என் சிவப்புப் புத்தகத்தை வாங்கினார் நர்சம்மா. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "உங்கூர்ல ஆறு நோய்க்கு ஒரே ஊசிங்களா? எங்க பென்டாவுல அஞ்சுதானுங்க்கா. போலியோவுக்குத் தனியா வாயில சொட்டு, கையில சின்ன ஊசி. போட்டறலாமுங்." தொடையில் இறங்கியதும் பையன் போட்ட கத்தலில் மரத்துக் காக்கை பறந்தது.

அட்டை எழுதிக் கொடுத்தார். தேதியெல்லாம் முத்து முத்தாக. நம்பர் கட்டத்தில் மட்டும் பென்சிலால் 'லண்டன்' என்றிருந்தது. லெஸ்டர் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.