அதிர்வது டயரா, ஷாப்டா?

சஸ்பென்ஷனை மூன்று அங்குலம் உயர்த்திய என் ஹைலக்ஸ் பிக்கப். மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி கல்முனை ரோட்டில் 70ஐத் தொட்டதும் நடுங்கியது. டயர் என்றால் நடுக்கம் ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ தெரியும். அக்சிலேட்டரை விட்டாலும் அதே வேகத்தில் அதே ஆட்டம்தான். வீல் பலன்ஸ் பார்த்தால் பெரும்பாலும் சரி.

கியர்பொக்சிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுதான் புரொப்பெல்லர் ஷாப்ட். அதன் அதிர்வு வேறு ரகம். பின் அச்சிலுள்ள டிபரென்ஷலின் பல்விகிதம் 4.1 என்றால், சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாப்ட் நாலு முறைக்கு மேல் சுற்றும். அதனால் அதிர்வு பொடியாக, தேனீ இரைவதுபோல் காலடியில் உறைக்கும். மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி. வண்டியை உயர்த்தினால் ஷாப்டின் சரிவு கூடும், அதிர்வும் வரலாம். அதற்கு வீல் பலன்ஸ் செய்வது கடலில் காசு போட்ட மாதிரி. நான் இரண்டு தரம் போட்டேன். பிறகு கீழே படுத்துப் பார்த்தால் ஷாப்டின் முனையிலுள்ள மூட்டான யூ ஜொயின்டின் மூடியோரம் செம்பொடி, கிரீஸ் வற்றி உள்ளே துருப்பிடித்த அடையாளம். அந்த மூட்டு தேய்ந்து ரிவர்ஸ் போடும்போது 'டொக்' என்றதை அதுவரை நான் கணக்கெடுக்கவே இல்லை.