கென்னடி பள்ளியா, லீ குவான் யூ பள்ளியா?

பொதுக் கொள்கை, அதாவது அரசுத் திட்டங்களை வகுத்து நடத்தும் படிப்பு, படிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டு பெயரிலும் ஒரு தடவையாவது வந்து நிற்பார்கள். ஹார்வர்டின் கென்னடி பள்ளி 1936-ல் தொடங்கியது, 1966-ல்தான் கென்னடி பெயரைச் சூட்டிக்கொண்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ குவான் யூ பள்ளி 2004-ல் பிறந்த பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், இதன் வேரே கென்னடி பள்ளியோடு சேர்ந்து 1992-ல் நடத்திய ஒரு படிப்புதான்.

பெயர், பணம், தொடர்பு என்று பார்த்தால் கென்னடிதான் முன்னே. ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் பான் கி-மூன், சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ சியென் லூங், இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்னம் எல்லாரும் அங்கே படித்தவர்கள். ஆனால் 2025-ல் டிரம்ப் அரசு ஹார்வர்டில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கவே தடை போடப் பார்த்தது, நீதிமன்றம் குறுக்கே வந்து நிறுத்தியது, இதற்கிடையே கென்னடி பள்ளி, மாணவர்கள் அமெரிக்காவுக்குள் வர முடியாமல் போனால் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்து மங்க் பள்ளியில் உட்கார்ந்து படிக்கலாம் என்று மாற்று ஏற்பாடே அறிவித்துவிட்டது. சமாளித்த விதத்தை மெச்சலாம். ஆனாலும் கடன் வாங்கிப் போகிறவனுக்கு வயிற்றைக் கலக்கும் சேதி அது.

சிங்கப்பூர்ப் பள்ளி 2024-ல் இருபது வயதைத் தொட்டது. வகுப்பில் பேச்சு பெரும்பாலும் ஆசியாவைச் சுற்றித்தான். கூப்பிடு தூரத்தில் அமைச்சகங்கள், சென்னைக்கு நாலு மணி நேர விமானம். அமெரிக்க அரசியல்தான் வேண்டும் என்றால் சரி, கென்னடி. நம்மூர் நகராட்சியைத் திருத்தும் ஆசை என்றால் நான் சிங்கப்பூருக்கே விண்ணப்பிப்பேன்.