பேட் பட்டி அப்பாவா, மூன்லைட் சிக்கன் மாமாவா: தாய்லாந்து பிஎல்-ல வீட்டு ஆளுங்க

பேட் பட்டிங்கிற தாய்லாந்து சீரீஸோட கடைசி எபிசோட் பாத்து முடிச்சப்போ எனக்கு வந்தது சந்தோஷமா கோவமான்னே சொல்லத் தெரியல. அதுல லவ் பண்ற பசங்க பாட், பிரான் ரெண்டு பேரும் நாலு வருஷம் கழிச்சும் ஒண்ணாதான் இருக்காங்க, ஆனா வீட்டுக்கு பிரிஞ்சிட்டோம்னு சொல்லி வெச்சிருக்காங்க, பெத்தவங்களுக்கும் உள்ளுக்குள்ள விஷயம் தெரியும், தெரிஞ்சும் கண்டுக்காத மாதிரி இருக்காங்க. இதுக்குப் பேரு ஏத்துக்கிட்டதா இல்லையா? 2022 ஜனவரில அது முடிஞ்சதுல இருந்து பிஎல், அதாவது ரெண்டு பசங்க லவ் பண்ற "பாய்ஸ் லவ்" சீரீஸ், பாக்குறவங்க நடுவுல இந்தச் சண்டை ஓயவே இல்ல, நான் ரொம்ப நாள் "இது ஏத்துக்கிட்டதே இல்ல"ன்னு சொல்ற பக்கம்தான் நின்னேன். அடுத்த வருஷமே மூன்லைட் சிக்கன் வந்துச்சு, அதே ஜிஎம்எம்டிவி கம்பெனி, அதே டைரக்டர் நொப்பார்னாட் சைவிமோல், ஆனா வீட்டு ஆளுங்க விஷயத்துல அதுக்கு நேர் எதிரான பதில். அதனால இந்த ரெண்டையும்தான் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கப் போறேன், நடுவுல வேற சில சீரீஸும் வந்து போகும்.

ஆனா அதுக்கு முன்னாடி டெம்ப்ளேட் பத்திப் பேசியே ஆகணும், ஏன்னா ஹீரோவ எந்த அச்சுல வார்க்குறாங்களோ அதப் பொறுத்துதான் அப்பா அம்மாவுக்கு கதைல வேலையே இருக்கும். 2016-ல சோட்டஸ்ங்கிற சீரீஸ் வந்தப்போ ஒரு அச்சு செட் ஆச்சு. இன்ஜினியரிங் காலேஜ், சீனியர் ஆர்த்திட், ஜூனியர் கொங்போப், ராகிங் மாதிரி நடக்குற டிரெய்னிங், இன்ஜினியரிங் பசங்களுக்கு அடையாளமா கொடுக்குற கியரக் கொடுக்க மாட்டேன்னு சீனியர் மிரட்டுறான், அப்போ உங்கள என் பொண்டாட்டி ஆக்கிக்கிட்டா அந்த கியர் எனக்கும் சொந்தம்தானேன்னு ஜூனியர் கூட்டத்துக்கு நடுவுல கேக்குறான். அந்த சீன் செம ஹிட், அதுக்கப்புறம் எத்தனையோ சீரீஸ்ல இன்ஜினியரிங் பையன், கியர், புருஷன் பொண்டாட்டி பேச்சு எல்லாம் கட்டாயம் ஆயிருச்சு. சோட்டஸ் எனக்குப் பிடிக்கும், இப்பவும் பிடிக்கும், ஆனா அந்த ஒரு வரிய மத்தவங்க காப்பி அடிச்ச விதம் பிடிக்கல. ரெண்டு பசங்க லவ் பண்ணா அதுல ஒருத்தன் பொண்டாட்டியா இருந்தே ஆகணும்னு ஒரு நினைப்ப அது கொண்டு வந்து உக்கார வெச்சிருச்சு.

இன்னொரு டெம்ப்ளேட்தான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, அதாவது "எனக்கு பசங்களப் பிடிக்காது, உன்ன மட்டும்தான் பிடிக்கும்". கேக்க ரொமான்டிக்கா இருக்கும், ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அந்தப் பையன் கே இல்ல, ஏதோ ஒரு தடவ நடந்துபோன விதிவிலக்குன்னு ஆயிட்டா வீட்ல போய் எத சொல்றது, அவங்க எத ஏத்துக்கிறது? அதனாலயே இந்த மாதிரி கதைகள்ல அப்பா அம்மாவே பெருசா வர மாட்டாங்க, எல்லாரும் பேங்காக்ல தனியா காண்டோல, அதாவது ஃபிளாட்ல இருப்பாங்க, பணம் எங்க இருந்து வருதுன்னு கூட தெரியாது. 2020-ல உலகம் பூரா ஓடுன டூகெதர்ல டைன் ஏன் சாரவட்ட டம்மி பாய்ஃபிரண்டா நடிக்கச் சொல்றான்? கிரீன்னு ஒரு பையன் பின்னாடியே சுத்துறான், அவனத் துரத்தணும், அதுக்கு. கிரீன் கொஞ்சம் நளினமா இருக்குற வெளிப்படையான கே பையன், அவன காமெடியாவும் தொந்தரவாவும் காட்டிட்டு, மிடுக்கா இருக்குற ரெண்டு பசங்க காதல மட்டும் காவியமாக்குறது எனக்கு அப்பவும் உறுத்துச்சு, இப்பவும் உறுத்துது.

அதே 2020-லதான் ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூவும் வந்துச்சு. புக்கெட்ல நடக்குற கதை, தே-யோட அம்மா ஹொக்கியென் நூடுல்ஸ் விக்கிறவங்க, ஓ-யேவ் ரிசார்ட் வெச்சிருக்குற வசதியான வீட்டுப் பையன், ரெண்டு பேரும் யுனிவர்சிட்டி அட்மிஷனுக்காக சைனீஸ் படிக்கிறாங்க. இதுல ஓ-யேவ் தன்கிட்ட இருக்குற பெண்மைய மறைக்காம கண்ணாடி முன்னாடி நின்னு பாக்குறான், சிவப்பு பிரா போட்டுப் பாக்குற அந்த சீன்ல கேமரா அவன ஒரு செகண்ட் கூட கேலி பண்ணல. கிரீனுக்குக் கிடைக்காத மரியாதை ஓ-யேவுக்குக் கிடைச்சுது. இதுல தே "உன்ன மட்டும்தான்"னு சொல்லித் தப்பிக்க முடியாது, தான் யாருன்னே அவன் ஒத்துக்கணும், அதனாலதான் அண்ணன் ஹூன்கிட்ட உடைஞ்சு அழற சீன் அந்தப் போடு போடுது. அண்ணன் பெரிய டயலாக் எல்லாம் பேசல, தம்பிய விட்டு விலகல, அவ்ளோதான். அம்மாகிட்ட போறதுக்கு முன்னாடி கூடப் பொறந்தவங்ககிட்ட சொல்றது எவ்ளோ நிஜமான விஷயம்னு சொந்த வீட்ல இப்படி ஒண்ண மறைச்சு வெச்சவங்களுக்குத் தெரியும்.

ஒரே சீரீஸுக்குள்ள ரெண்டு வகை வீட்டையும் பாக்கணும்னா 2019-ல வந்த டார்க் ப்ளூ கிஸ். பீட்டோட அப்பாதான் எல்லா ரசிகர்களும் "எனக்கும் இப்படி ஒரு அப்பா வேணும்"னு சொல்ற அப்பா, பையனோட லவ்வரப் பத்தி சாதாரணமா விசாரிப்பாரு, சண்டை போட்டா அட்வைஸ் பண்ணுவாரு. அந்தப் பக்கம் காவ் தன் அம்மாகிட்ட சொல்லவே மாட்டேங்குறான், பீட்ட வெறும் ஃபிரண்டுன்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு பேரும் நொந்து போறாங்க. பாக்குற எல்லாருக்கும் பீட் அப்பாவத்தான் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனா கதையா பாத்தா அவரு ஏற்கெனவே மாறி முடிச்ச ஆளு, அவர்கிட்ட நமக்கு ஆறுதல் மட்டும்தான் கிடைக்கும். கதை ஓடுறது காவோட பயத்துலதான். அம்மா கெட்டவங்க இல்ல, பாசமானவங்க, அதனாலதான் அவனுக்கு இன்னும் பயம், அடிக்கிற அம்மாவா இருந்தா ஓடிப் போயிடலாம், நம்பி இருக்குற அம்மா முகத்தப் பாத்து எப்படி சொல்றது?

மை ஸ்கூல் பிரசிடென்ட்ல இதையே ரெண்டு அம்மாவா பிரிச்சு வெச்சாங்க. கன்னோட அம்மா சாப்பாட்டுக் கடை நடத்துறவங்க, பையன் மனசுல என்ன இருக்குன்னு சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டு அரவணைச்சிடுறாங்க. டின்னோட அம்மா ஸ்கூல் டைரக்டர், ஹாட் வேவ்ங்கிற மியூசிக் போட்டில ஜெயிக்கலன்னா மியூசிக் கிளப்பையே மூடிடுவேன்னு சொல்ற கறார் ஆளு, அவங்களுக்கு டைம் ஆகுது. படிச்சவங்க, பதவில இருக்குறவங்கதான் முற்போக்கா இருப்பாங்கங்கிற கணக்க அழகா தலைகீழா போட்டாங்க. ஆனா நேர்மையா சொல்லணும்னா இது கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தியான சீரீஸ், மனசு மாறுறது சுலபமா நடந்துருது.

கியூட்டி பை அதவிட ஒரு படி மேல, அதுல லியானுக்கும் குவாவுக்கும் வீட்டு ஆளுங்களே நிச்சயம் பண்ணி வெச்சிருப்பாங்க. பாக்க ஜாலியா இருக்கும், அதுக்கு மேல அதப் பத்தி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

இதுக்கெல்லாம் எதிர்த் துருவத்துல இருக்குறது அன்டில் வீ மீட் அகெய்ன். முப்பது வருஷம் முன்னாடி கார்ன், இன் ரெண்டு பேரும் வீட்டு எதிர்ப்பு தாங்காம உயிர விட்டுருவாங்க, அவங்கதான் டீன், ஃபார்மா மறுபிறவி எடுத்து வர்றாங்க. அதுல எனக்கு முக்கியமா பட்டது அவங்கள ஜென்மம் தாண்டி கட்டி வெக்கிற ரெட் த்ரெட், அந்த விதியோட சிவப்பு நூல் கூட இல்ல, அந்தப் பழைய குடும்பங்கள் சுமக்குற குற்ற உணர்ச்சிதான். அதே மாதிரி 2022-ல ஒன் 31 சேனல்ல வந்த டு சர் வித் லவ், அந்தக் கால சீன வம்சாவளிக் குடும்பம், வாரிசா வரப் போற மூத்த பையன் தியேனோட ரகசியத்த அவன் அம்மா லீ கட்டிக் காப்பாத்துறாங்க. அது பாசமா, பதவி ஆசையா, ரெண்டுமான்னு பிரிக்கவே முடியாது. மறைக்கிறதுக்காக எந்த எல்லைக்கும் போற அம்மாவ தாய்லாந்து சீரீஸ்ல அவ்ளோ முழுசா வேற எங்கயும் நான் பாக்கல.

சரி, இப்போ முதல்ல சொன்ன ரெண்டுக்கு வர்றேன்.

பேட் பட்டில பாட் இன்ஜினியரிங், பிரான் ஆர்கிடெக்சர், பக்கத்து பக்கத்து வீடு, ரெண்டு குடும்பத்துக்கும் ஜென்மப் பகை. பாட்டோட அப்பா மிங், பிரானோட அம்மா திஸ்ஸயா, ஸ்கூல் காலத்துல ஸ்காலர்ஷிப் விஷயத்துல மிங் செஞ்ச துரோகம்தான் அடி வேர். இங்க ரொம்ப பேர் கவனிக்காத விஷயம் என்னன்னா, பெத்தவங்க எதிர்க்கிறது ரெண்டு பேரும் ஆம்பளைங்க என்பதுக்காக இல்ல, அவன் அந்த வீட்டுப் பையன் என்பதுக்காக. டெம்ப்ளேட் விஷயத்துல இது பெரிய உடைப்பு. யாரு புருஷன் யாரு பொண்டாட்டிங்கிற கணக்கே இல்லாம சரிக்குச் சரியா நிக்கிற ரெண்டு பசங்க, பாட்டுக்கு தான் லவ் பண்றது ஒரு பையனங்கிறது பிரச்சனையாவே தெரியல, அது பிரான்ங்கிறதுதான் பிரச்சனை. பாட்டோட தங்கச்சி பா ஒரு பொண்ண லவ் பண்றதும் அதே மாதிரி இயல்பா வந்து போகுது.

ஆனா இதுல ஒரு இழப்பும் இருக்கு. பகைதான் காரணம்னு வெச்சதால, பையன் கே-ங்கிற விஷயத்த அந்தப் பெத்தவங்க நேருக்கு நேர் சந்திக்கவே வேணாம்னு ஆயிருது. ரெண்டு பேரும் ஓடிப் போய் கடலோரத்துல கொஞ்ச நாள் இருக்காங்க, திரும்பி வர்றாங்க, நடிக்க ஆரம்பிக்கிறாங்க, பிரான் வேலைக்கு சிங்கப்பூர் போறான். பெரியவங்க ஈகோவ காப்பாத்த சின்னவங்க நாலு வருஷம் நாடகம் போடணும். மன்னிப்பு கேக்க வேண்டிய மிங் கேக்க வேண்டிய அளவுக்குக் கேக்கவே இல்ல, அந்தக் கடன் பிள்ளைங்க தலைல விடிஞ்சிருச்சு.

மூன்லைட் சிக்கன் பட்டாயால ஒரு சிக்கன் ரைஸ் கடை. கடைக்காரர் ஜிம் காலேஜ் பையன் இல்ல, வயசுல பெரியவரு, கடன், கடை கவலை, செத்துப் போன பழைய காதலன் பீம் ஞாபகம், அவன் இன்னொரு பக்கம் ஒரு பொண்ணோடயும் வாழ்ந்தவன்னு தெரிஞ்ச காயம். கூட இருக்குறது கூடப் பொறந்தவங்க பையன் லீ மிங். அந்த லீ மிங் ஹார்ட்ங்கிற காது கேக்காத பையன லவ் பண்றான்னு தெரிஞ்சப்போ, மாமா, அவரே கே, அவருதான் எதிர்க்கிறாரு! எனக்கு அந்த இடத்துல தூக்கிவாரிப் போட்டுச்சு. நீங்க மட்டும் யாருங்கிற மாதிரி பையன் திருப்பிக் கேப்பான், ஜிம்கிட்ட பதில் இருக்காது. வெறுப்புனால வர்ற எதிர்ப்பு இல்ல அது, தான் பட்டத இவனும் படக் கூடாதுங்கிற பயம், அந்தப் பயம் எவ்ளோ பாசமா இருந்தாலும் அந்தப் பையன் மேல அது ஒரு பூட்டுதான். இத இவ்ளோ தெளிவா காட்டுன வேற பிஎல் எனக்குத் தெரியல.

அதவிட ஹார்ட்டோட வீடு. பணக்கார வீடு, பெரிய ரூம், எல்லாம் இருக்கு, ஆனா பையனுக்கு காது கேக்காமப் போனதுக்கு அப்புறம் அப்பா அம்மா சைகை மொழி கத்துக்கவே இல்ல. பாதுகாப்புன்னு சொல்லி வீட்டுக்குள்ள வெச்சிருக்காங்க. சிக்கன் ரைஸ் கடைல வேலை பாக்குற லீ மிங்தான் கத்துக்கிட்டு வந்து அவன்கிட்ட பேசுறான். "எங்க புள்ளைய நாங்க ஏத்துக்கிட்டோம்"னு வாயால சொல்றதுக்கும் அவன் பேசுற மொழிய உக்காந்து கத்துக்கிறதுக்கும் எவ்ளோ தூரம் இருக்குன்னு இந்த ஒரு வீட்ட வெச்சே புரிய வெச்சுட்டாங்க. பீட்டோட அப்பாகிட்ட நமக்குக் கிடைக்காதது இதுதான், ஒரு பெரிய மனுஷன் தன் தப்ப உணர்ந்து மாறுறதுக்கு படுற பாடு.

அதனால என் ஓட்டு மூன்லைட் சிக்கனுக்குத்தான். ஆனா பேட் பட்டி முடிவ நான் முன்ன மாதிரி திட்டுறது இல்ல. ஒரே பாலினத்தவங்களும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொல்ற சமத்துவத் திருமணச் சட்டத்த தாய்லாந்து பார்லிமென்ட்டோட கீழ்ச்சபை 2024 மார்ச்ல 400 ஓட்டோட பாஸ் பண்ணுச்சு, ஜூன்ல செனட்டும் பாஸ் பண்ணுச்சு, 2025 ஜனவரி 23-ல இருந்து அமலுக்கு வந்துச்சு, தென்கிழக்கு ஆசியாலயே முதல் நாடு. பேட் பட்டி ஓடுனப்போ அந்த சட்டம் இல்ல, பாட்டும் பிரானும் எத்தனை வருஷம் சேந்து வாழ்ந்தாலும் காகிதத்துல யாரோ எவரோதான். இப்போ அவங்க மாவட்ட ஆபீஸுக்குப் போய் கையெழுத்து போடலாம், ஆனா அன்னிக்கு நைட்டு பாட்டோட அப்பா மிங் ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடுவாரான்னா, அது எந்த சட்டத்துலயும் வராது. நிறைய வீடுகள்ல கடைசி வரைக்கும் கிடைக்கிறது அந்த கண்டுக்காத பார்வை மட்டும்தான், அத வெச்சுக்கிட்டே சிரிச்சு சண்டை போட்டு வாழ்ற ரெண்டு பேரக் காட்டுனது பொய் இல்ல.

புதுசா பாக்க வர்றவங்க மூன்லைட் சிக்கன்ல ஆரம்பிங்க, எட்டே எபிசோட்தான். அப்புறம் பேட் பட்டி பாருங்க, பன்னெண்டாவது எபிசோட்ல அந்தப் பெரியவங்க முகத்த மட்டும் கவனிச்சுப் பாருங்க, அவங்களுக்கு எப்போ தெரிஞ்சுதுன்னு.