சரக்கு போடச் சொல்லும் சாப்ட்வேர்: இரண்டு வருடம் வைத்துப் பார்த்ததில்

மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மொத்த மளிகைக் கடை. பருப்பு, வெல்லம், மிளகாய், மல்லி, பொரிகடலை, இதுகள்தான் ஓடுகிற சரக்கு. 2024 ஜனவரியில் பில் போடுகிற சாப்ட்வேரை மாற்றினோம். பழையது பில் மட்டும் போடும், புதியது எந்தச் சரக்கை எப்போது எவ்வளவு வாங்கலாம் என்று யோசனையும் சொல்லும் என்று ஏஜென்ட் தம்பி கல்லாவிலேயே லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் காட்டினார். முதல் வருடம் 18,000 ரூபாய், அப்புறம் வருடத்துக்கு 7,500. பெயர் வேண்டாம். இதே மாதிரி நாலைந்து டவுனுக்குள் சுற்றுகின்றன, வாங்கப்போகிறவர்களுக்கு எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தினசரி ஓடுகிற சரக்குக்கு இது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. துவரம்பருப்பு எங்களுக்கு நாளைக்கு சராசரி 6 மூட்டை போகும், குல்பர்காவில் சொன்னால் லாரி வந்து சேர 5 நாள், ஆக 30 மூட்டை, லாரி லேட்டானால் சமாளிக்க இன்னும் ஒரு 10, குடோனில் 40க்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கையாகத் திரையில் மஞ்சள் கலர் விழுந்துவிடும். இதில் ஒரு மந்திரமும் இல்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு கட்டுப்படும் என்ற கணக்கை ஹாரிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1913லேயே எழுதிவிட்டார். ஆனால் 140 சரக்குக்கும் அந்தக் கணக்கை ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் யார் உட்கார்ந்து போடுவது? அப்பா மனதிலேயே போடுவார், முப்பது சரக்கு வரைக்கும். மீதியெல்லாம் வாடிக்கையாளர் கேட்டு, இல்லை என்று சொல்லி, அப்புறம் ஞாபகம் வருகிற ரகம்.

இன்னொரு இடத்தில் நிஜமாகவே அசந்துபோனேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சில்லறைக் கடைக்காரர், எங்களிடம் பதினைந்து வருடப் பழக்கம், பற்று வைத்துத்தான் சரக்கு எடுப்பார். வாரா வாரம் ஏதோ ஒரு தொகை கொடுத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாப்ட்வேர் அவர் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு போட்டுக் காட்டியது: சராசரியாக 12 நாளில் பணம் கட்டியவர் எட்டு மாதத்தில் 27 நாளுக்குப் போயிருக்கிறார். பேரேட்டில் அத்தனை எண்ணும் இருக்கத்தான் செய்தது, ஆனால் எட்டு மாதப் பக்கத்தை ஒன்றாக விரித்துவைத்து யார் பார்க்கிறார்கள். அப்பா அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தார், வீட்டில் வைத்தியச் செலவாம். பற்றை ஒரு அளவோடு நிறுத்திக்கொள்வதென்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். கோட்டைக் காட்டியது மெஷின், டீ வாங்கிக் கொடுத்தது அப்பா. எனக்கு இந்தப் பங்கீடு பிடித்திருந்தது.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு யோசனைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதைத் தொட்டால் காரணம் வரும்: கடந்த 4 வாரச் சராசரி இவ்வளவு, லாரி வர இத்தனை நாள் என்று. 2024 கடைசியில் ஒரு அப்டேட் வந்தது. திரை அழகாகிவிட்டது, வட்டம் போய்விட்டது, அந்த இடத்தில் “நம்பிக்கை 92%” என்று பச்சை எழுத்தில் ஒரு எண் உட்கார்ந்துவிட்டது. எதன் மேல் நம்பிக்கை, யாருக்கு நம்பிக்கை, மீதி 8 எங்கே போச்சு, ஒன்றும் கிடையாது. அப்போது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

2025 ஏப்ரல் இரண்டாம் வாரம். அப்பா தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும். வெல்லம் 40 சிப்பம், நாட்டுச்சர்க்கரை 25 மூட்டை, பொரிகடலை 30 மூட்டை உடனே போடச் சொல்லி யோசனை வந்தது. 92%. சரி, சித்திரைத் திருவிழா வருகிறதே, மெஷினுக்கே தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷமாக ‘ஏற்கிறேன்’ அழுத்தி, நெய்க்காரப்பட்டிக்குப் போன் போட்டு வெல்லத்தையும் சொல்லிவிட்டேன்.

மதுரைக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். 2024ல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. 2025ல் மே 12. ஏப்ரல் 13ஆம் தேதி ஒரு பௌர்ணமி வந்தது, ஆனால் அன்றைக்குப் பங்குனி முடியவில்லை, மறுநாள்தான் சித்திரை பிறந்தது, அதனால் சித்ரா பௌர்ணமி அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போய்விட்டது. மெஷின் போன வருடம் இதே இங்கிலீஷ் தேதியில் என்ன விற்றது என்று பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் கொடுமை என்னவென்றால் மானிட்டருக்கு ஒரு அடி தள்ளித்தான் தினசரி காலண்டர் தொங்குகிறது. நான்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அப்பா வந்து குடோனைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இதுக்குப் பஞ்சாங்கம் தெரியாது சரி, உனக்கு?”

ஏப்ரல் வெயிலில் அடியில் கிடந்த வெல்லம் இளகி சாக்கோடு ஒட்டிக்கொண்டது, எறும்பு ஒரு பக்கம். ஆறு சிப்பத்தை வந்த விலைக்குத் தள்ளினோம். அதோடு விட்டதா? மே 5ஆம் தேதி, அழகர் இறங்க சரியாக ஒரு வாரம், அதே வெல்லத்தைச் சிவப்பில் காட்டி ‘நகராத சரக்கு, விலை குறைத்து விற்கவும்’ என்கிறது! நம்பிக்கை 88%. அப்பா சிரித்தபடியே நிராகரித்தார். பானகத்துக்கும் அன்னதானத்துக்கும் செம்பில் நிரப்புகிற சர்க்கரைக்கும் ஆள் வர ஆரம்பித்து 11ஆம் தேதி மதியத்துக்குள் குடோன் காலி, கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து நாலு சிப்பம் கடன் வாங்கிக் கொடுத்தோம்.

தேதி தப்பியதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தப் பழைய வட்டம் இருந்திருந்தால் ‘சென்ற ஆண்டு இதே வாரம்’ என்ற நாலு வார்த்தை கண்ணில் பட்டிருக்கும், பட்டிருந்தால் நானே பிடித்திருப்பேன், அதுதான் என் ஆத்திரம். எம்சிஏ படிக்கும்போது மைசின் என்று ஒன்று பாடத்தில் வந்தது. 1970களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் செய்தது, ரத்தத்தில் தொற்று வந்தவருக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று டாக்டருக்கு யோசனை சொல்லும் புரோகிராம். அது ஒரு கேள்வி கேட்டால் டாக்டர் பதிலுக்கு “ஏன்” என்று டைப் செய்யலாம், எந்த விதியை வைத்து அதைக் கேட்கிறேன் என்று அது சொல்லும். ஆஸ்பத்திரியில் அது அன்றாடப் புழக்கத்துக்கு வராமலே போனது வேறு கதை. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய புரோகிராம் “ஏன்” என்றால் பதில் சொன்னது, நான் 18,000 கொடுத்து வாங்கியது ஒரு சதவீதத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது.

இதற்குச் சமமான இன்னொரு குறை, நாம் காரணம் சொன்னாலும் கேட்டுக்கொள்ள அதில் இடம் இல்லை. ‘ஏற்கிறேன்’, ‘நிராகரிக்கிறேன்’, இரண்டே பட்டன். அப்பா எதற்கு நிராகரித்தார் என்பது அவர் மண்டையில் மட்டும் இருக்கும், அடுத்த வாரம் மெஷின் அதே யோசனையோடு திரும்பி வரும், புது மருமகன் மாதிரி ஒன்றும் தெரியாத முகத்தோடு. ரம்ஜானும் இப்படித்தான், வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2024ல் நோன்பு மார்ச் 12ல் ஆரம்பித்தது, 2025ல் மார்ச் 2லேயே வந்துவிட்டது. நெல்பேட்டைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் கஞ்சிக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் கேட்டு வந்து நின்ற பிறகும் திரையில் மஞ்சள் விழவில்லை.

அதனால் இப்போது கூகுள் ஷீட்டில் தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், செலவில்லாமல். தேதி, சரக்கு, மெஷின் சொன்னது, நாங்கள் செய்தது, ஏன். ஐந்தே கட்டம். கடைசிக் கட்டத்தை அப்பா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்: “தொடர்ந்து மூணு முகூர்த்தம், உளுந்து ரெட்டிப்பு.” “ஆடி 18, வெல்லம் ஒரு வாரம் முன்னாடியே.” “மிளகாய் விலை ஏறும்னு பேச்சு, ஆனா பேசுறது புரோக்கர், அதனால வாங்கல.” பக்கத்திலேயே வருகிற திருவிழாத் தேதிகளைக் காலண்டர் பார்த்துப் போட்டுவிட்டேன், ஒரு தேதியை மாற்றினால் அதற்கு முந்தைய வாங்கும் தேதிகள் எல்லாம் தானே நகரும். 1979ல் விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் வந்த நாளிலிருந்து இருக்கிற வித்தைதான், ஒரு எண்ணைத் திருத்தினால் மீதி தானே திருந்துவது. நாற்பத்தைந்து வருடம் கழித்தும் எனக்கு இதுதான் கை கொடுக்கிறது.

சர்வீஸ் சுமார். போன் எடுப்பார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், “டெவலப்பர் டீமுக்குச் சொல்றோம் சார்” என்பார்கள். 2025 செப்டம்பர் 22ல் ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது மட்டும் நெய்க்கு 12ஐ 5 ஆக்கும் அப்டேட் மதியத்துக்கு மேல்தான் வந்தது, அதுவரை பில்லைக் கையில் எழுதினோம்.

வாங்கலாமா என்றால், தினசரி சரக்குக்கும் பற்றுக்கும் தாராளமாக வாங்கலாம். டெமோ காட்ட வருகிறவரிடம், அவர் திரையில் காட்டும் ஏதாவது ஒரு எண்ணைத் தொட்டு இது எப்படி வந்தது என்று கேளுங்கள். அவரே போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அப்புறம் நம் கணக்கு மொத்தத்தையும் எக்ஸெலில் இறக்கித் தருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது தருகிறது, அதற்கு ஒரு மார்க் கூட.

போன வாரம் 7,500 கட்டிப் புதுப்பித்தாகிவிட்டது. இன்னும் 4,000 சேர்த்துக் கொடுத்தால் நம்மைக் கேட்காமலே சப்ளையருக்கு ஆர்டரை அதுவே அனுப்பிவிடுமாம். அப்பாவிடம் சொன்னேன். குடோனில் அந்த வெல்லம் ஒட்டிக் காய்ந்த தரையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.